சொந்த அங்கி உள்ள நடிகர்

போன செவ்வாய்க்கிழமை மிக்கேல் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். நலிந்த கலைஞர் உதவித்தொகை. மூன்றாவது மனு. முந்தைய இரண்டும் திரும்பி வந்துவிட்டன. இந்த முறை எழுதியது நான் — முப்பத்தாறு வருடம் ஊரார் மனுக்களைத் திருப்பி அனுப்பியே ரிட்டயர் ஆனவன். விடுவேனா?

அண்ணாச்சி அறுபது படங்களில் நடித்தவர். அறுபதிலும் பாதிரியார். தூத்துக்குடிக்கு எந்த ஷூட்டிங் வந்தாலும் மாதா கோயிலில் ஒரு கல்யாணம் இருக்கும். அண்ணாச்சியிடம் சொந்தமாக வெள்ளை அங்கி இருந்தது. கம்பெனிக்குத் தையல்கூலி மிச்சம்!

அமெரிக்கச் சினிமா பேசத் தொடங்காத காலத்திலும் இதே கதைதான். நல்ல கோட்டு வைத்திருந்தவருக்கு விருந்துக் காட்சியில் இடம் நிச்சயம். நூறு படத்தில் முகம் இருக்கும்... பெயர்?

அண்ணாச்சிக்கும் டைட்டிலில் பெயர் கிடையாது. அதனால் ஸ்டில்களை இணைத்திருந்தேன். வரிசை எண், சான்றொப்பம், எல்லாம் பக்கா. அதிகாரி புரட்டினார்.

"எல்லாத்துலயும் சாமியாராத்தான இருக்காங்க? பாதிரியாருக்கு இந்த ஸ்கீம் கிடையாது சார்."

"அது வேஷங்க."

"வேஷம்னு எதுல போட்டிருக்கு?"

"போடணும்னு எந்த அரசாணையில இருக்கு?" என்றேன்.

அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "விடுங்க தம்பி. துட்டு கெடக்கட்டும். நடிகன்னு ஒரு காயிதத்துல எழுதித் தந்தாப் போதும்."

"அப்ப நடிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

அண்ணாச்சி எழுந்தார். உடம்பில் வேட்டி சட்டைதான். கையை மெல்ல உயர்த்தி, "பிள்ளைகளே, சமாதானமா இருங்க" என்றார். அவ்வளவுதான். வரிசையில் நின்ற ஓர் அம்மா சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"ஸ்தோத்திரம் சாமி! எம் மவன் கப்பல்ல இருக்கான். அவனுக்காவ செபிங்க சாமி."

என்ன செய்வார்? தலையில் கை வைத்துச் செபித்தார். திரும்பிப் பார்த்தால், அதிகாரியே எழுந்து கைகட்டி நிற்கிறார்!

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் பயபக்தியோடு உட்கார்ந்து எழுதினார்: 'மனுதாரர் பாதிரியார் என்பது நேரில் உறுதி செய்யப்பட்டது. மனு நிராகரிக்கப்படுகிறது.'

வெளியே வந்ததும் வெடித்தேன். "மேல்முறையீடு நான் எழுதுதேன். அடுத்த தடவை நடிக்கச் சொன்னா, கொஞ்சம் கேவலமா நடிங்க அண்ணாச்சி!"

"அது மட்டும் நமக்கு வராது தம்பி" என்றார்.