காந்தம் ஒட்டாத கார்

என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கறுப்பு நிறம், உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் இதை ஏன் இங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். மின்சாரப் பில்லைப் பிடித்துக்கொள்ள என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது என் சித்தப்பாவுடையது. பதுளையில் பழைய கார் வாங்க நினைத்தவர்கள் ஒரு காலத்தில் இந்தக் காந்தத்தைக் கேட்காமல் விலை பேசியதில்லை.

சித்தப்பா பஜாரில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். ஆனால் கடையைவிடப் பெரியது அவருடைய பெயர். மொரிஸ் மைனர், ஒஸ்டின் என்று பழைய கார்களின் மேல் பைத்தியம் பிடித்தவர்கள் பண்டாரவளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். மகனுக்குப் பெண் பார்க்கப் போகும் தாய்கூட அவர் காரைப் பார்ப்பது போல் பார்க்கமாட்டாள். முதலில் எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் பலர் பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சினைப் பூட்டியிருந்தார்கள். ஆசைக்காரர்கள் அப்படிப்பட்ட காரைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். பிறகு கால்மிதியைத் தூக்கி ஈரவாடை அடிக்கிறதா என்று முகர்வார். கதவைச் சாத்தி அந்தச் சத்தத்தைக் கேட்பார். கடைசியில்தான் காந்தம் வெளியே வரும். பெயிண்ட் கீறாமலிருக்கச் சித்தி அதற்கு மெல்லிய துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். தகரம் துருப்பிடித்து, அந்த இடத்தைப் பட்டி பூசி நிரப்பியிருந்தால் காந்தம் ஒட்டாமல் விழுந்துவிடும். "பெயிண்டு பொய் சொல்லும், விக்கிறவன் பொய் சொல்லுவான். இது சொல்லாது" என்பார் சித்தப்பா. நாங்களும் நம்பினோம்.

அப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. சாம்பல் கலந்த பச்சை நிறம், நடுவில் ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. துணிக்கடைக்காரரான அப்பா தீபாவளி நெருங்கும்போது சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அதில்தான் போவார். எல்லாரும் டீசலுக்கு மாறியபோதும் அவர் மாறவில்லை. ஒருமுறை அந்தப் பாதையின் வளைவொன்றில் கார் மண்மேட்டில் மோதி, முன் மட்கார்ட் நசுங்கிப்போனது. ஹாலிஎலவில் டிங்கரிங் வேலை செய்த சிங்களப் பாஸ் ஒருவர், மேஸ்திரியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், நசுங்கிய தகரத்தையே பொறுமையாகத் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் கார் முழுவதற்கும் பெயிண்ட் அடித்தவரும் அவரே. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பொங்கல் அவர் வீட்டுக்குப் போகும். சித்திரை வருடப் பிறப்புக்கு அவர் வீட்டுக் கொக்கிஸ் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும்.

முழங்கால் தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனபோது அப்பா காரை விற்கச் சம்மதித்தார். விலையைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. தான் இத்தனை காலம் காப்பாற்றியது நல்ல வண்டிதான் என்று விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தம்பியைவிட விஷயம் தெரிந்தவர் யார்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை நான் எத்தனையோ முறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்பா காரைக் கழுவித் துடைத்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார். சித்தப்பா வந்தார். எஞ்சின் இலக்கம் சரியாக இருந்தது. தரைத் தகரமும் சரி. உறையோடு காந்தத்தை எடுத்தவர், சட்டென்று நின்று, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, நன்றாக மடித்து மட்கார்டின் மேல் வைத்தார்.

"அண்ணன் கண்ணு மாதிரி வச்சிருந்த வண்டி. ஒரு கீறல் விழக் கூடாது" என்றார்.

ஊராருக்கு ஒரு துணி போதும், அண்ணனுக்கு மட்டும் இன்னொன்று. அப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். சித்தப்பா கைக்குட்டையின் மேல் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தார். அது வழுக்கிக்கொண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. கதவிலும் அப்படியே. அடுத்த கதவிலும் விழுந்தது.

"அந்தப் பாஸ் ஒங்களை நல்லா ஏமாத்திட்டாண்ணே. பூராவும் பட்டி."

"அவன் அப்பிடிச் செய்ய மாட்டான் தம்பி."

"அவன் செய்ய மாட்டான்னா, காந்தம் பொய் சொல்லுதா?"

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். உதிரிப்பாகத்துக்கு ஆகும் என்று கொழும்புக்காரர் ஒருவரைச் சித்தப்பாவே பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா கைக்கு இரும்பு விலைதான் வந்தது. அடுத்த பொங்கலுக்கு ஹாலிஎலவுக்கு எதுவும் போகவில்லை. பாஸ் ஒருநாள் துணிக்கடைக்கு வந்தார். அப்பா முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். அந்த மனிதருக்கு என்ன குற்றம் என்றே தெரியாது. அப்பா இறந்த அன்றும் வந்து வேலியோரம் நின்றார். இந்த ஒன்றுக்கும் உதவாத வண்டிக்காகவா இவ்வளவு நாள் பெருமைப்பட்டேன் என்று அப்பா கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததும் கார் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் ஒரு பழைய கார் வாங்கியபோது, "வச்சுக்க பாப்பா, ஒதவும்" என்று காந்தத்தை உறையோடு என்னிடம் கொடுத்தார். அது என் காரிலேயே கிடந்தது.

போன வருடம் பண்டாரவளைச் சந்தைப் பக்கம் காய்கறி வாங்கப் போனேன். சுற்றுப்பயணம் வந்த பழைய கார்கள் வரிசையாக நின்றன. நடுவில் அதே ஸ்ரீ இலக்கத்தோடு எங்கள் மொரிஸ் மைனர். உதிரிப்பாகமாகப் பிரிந்து போயிருக்க வேண்டிய கார், முழுசாக வெயிலில் மின்னியது. இது என் அப்பாவின் கார் என்றதும் சொந்தக்காரருக்கு ஒரே சந்தோஷம். புதுத் தகரம் போட்டீர்களா என்று கேட்டேன். பெயிண்ட் மட்டும்தான் அடித்தேன், தகரத்தில் கையே வைக்கவில்லை என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டு, என் காரிலிருந்து காந்தத்தை எடுத்து வந்து உறையோடு மட்கார்டில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கதவிலும் ஒட்டியது. பிறகு, ஏதோ தோன்ற, என் கைக்குட்டையை நாலாக மடித்து நடுவில் வைத்தேன். காந்தம் வழுக்கி என் கையில் விழுந்தது.

அப்படியும் மனம் ஒப்பவில்லை. கூடப் பிறந்தவர் அல்லவா, அன்றைக்குத் தெரியாமல் செய்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதுளைக்குப் போனேன். சித்தப்பா வெளியே நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பண்டாரவளைக்குப் பழைய கார்கள் வந்திருந்தன, அப்பாவின் கார் மாதிரி ஒன்றைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணன் வண்டி மாதிரி இனி எங்க பாப்பா கெடைக்கும்? ஒரு பொட்டு பட்டி கெடையாது அதுல. அந்த ஹாலிஎல பாஸ் கை அப்பிடி. கொழும்பு ஆளு நான் சொன்ன வெலைய மறுபேச்சு இல்லாம குடுத்துட்டுப் போனான்ல."

அவர் பழைய பொய்யையே திரும்பச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பா சுடுகாடு வரை சுமந்து போன பொய்யை இவர் ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. இந்த மனிதரையா நான் தோளில் ஏறி விளையாடிய வயதிலிருந்து நம்பினேன்!

எழுந்து புறப்பட்டபோது, "அந்தக் காந்தம் இருக்கா பாப்பா?" என்று கேட்டார்.

"இருக்கு சித்தப்பா. துணியெல்லாம் கழட்டிட்டேன்."

சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. தேநீரைக் கீழே வைத்துவிட்டு, கேட் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

உறையில்லாத காந்தம் என் குளிர்சாதனப் பெட்டியின் வெள்ளைப் பெயிண்டில் வட்டமாக ஒரு கீறல் போட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பில்லை மாற்றும்போது அது இன்னும் கொஞ்சம் ஆழமாகிறது. கீறட்டும்.