கிறிஸ்டோபர் வீட்டுக் கண்ணாடி ஐஸ்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வரும் கூட்டத்தில் பாதிப்பேர் ஆண்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கல்யாணப் புடவைக்கென்று பெண்கள் கடைக்குள் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், அலமாரி காலியாகிறவரை எழுந்திருக்க மாட்டார்கள். கூட வந்த சித்தப்பாவும் மாமாவும் எவ்வளவு நேரம்தான் செருப்புக்குக் காவல் இருப்பார்கள், பாவம்? அவர்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். பெங்களூர் ரோட்டில் ஒரு ஓட்டல் அந்த இடத்துக்கு ஏசி போட்டு, மங்கலாக விளக்கும் வைத்துக் கொடுத்தது. அங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்று கலந்து கொடுப்பவன்தான் ஓரிக்கை கிறிஸ்டோபர்.

கிறிஸ்டோபர் குடிக்க மாட்டான். சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனாலும் உண்மை. காரணம் பக்தி இல்லை, பொண்டாட்டி. ரேணுகாம்பாளின் அப்பா சாராயத்தில் போனவர். ரூம் பாயாக இருந்த கிறிஸ்டோபரை அவள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டபோது கேட்ட சத்தியம் அந்த ஒன்றுதான். அவனும் காப்பாற்றினான். ஆனால் ஓட்டல்காரர்களுக்கு அது தெரியுமா? கை நடுங்காத ஆளாக இருக்கிறானே என்று பாருக்கு மாற்றிவிட்டார்கள். செய்தி கேட்ட நாளிலிருந்து ரேணுகாம்பாள் அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சு போடவில்லை.

பிறகு ஒருவழியாக ஒப்பந்தம் ஆயிற்று. பாட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது. வாசனையும் வரக்கூடாது. யார் கேட்டாலும் “ஓட்டல்ல சூப்பர்வைசரா இருக்கறாரு” என்று அவள் சொல்வாள், அவன் மறுக்கக்கூடாது. அவர்கள் போகும் சர்ச் சபையில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அது எல்லாருக்கும் தெரியும் என்பது ரேணுகாம்பாளுக்கும் தெரியும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சூப்பர்வைசர் சுகமா என்று கேட்பார்கள், சுகம் என்று இவளும் சொல்வாள்.

இப்படி இருக்கையில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சித்தப்பா கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏன்பா, ஐஸ் சுண்ணாம்பு மாதிரி இருக்குது?” என்றார். அவர் பாட்டுக்குக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கிறிஸ்டோபருக்கு அது முள்ளாகத் தைத்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஐஸ் நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கரையும்போது பொடிப்பொடியாக உதிர்ந்து சரக்கையும் தண்ணீராக்கியது. கிறிஸ்டோபர் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். தண்ணீரைக் காய்ச்சி வைத்தான், வடிகட்டி வைத்தான், இரண்டு தடவை காய்ச்சியும் பார்த்தான். வெள்ளை போகவில்லை. ஓட்டல் ஃப்ரீசரிலோ கோழியும் மீனும் இடம் பிடித்திருந்தன, இவன் பரிசோதனைக்கு மேனேஜர் ஒரு மூலையைக்கூடத் தரவில்லை.

கடைசியில் ரேணுகாம்பாளிடம்தான் வந்து நின்றான். அவள் கடைகளிலிருந்து புடவை வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறவள். அந்த வருமானத்தில்தான் மூடிபோட்ட பழைய ஐஸ்க்ரீம் ஃப்ரீசர் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். வெயில் காலத்தில் தெருவுக்குப் பால் ஐஸ் விற்பாள்.

“வெறும் தண்ணிதான் ரேணு. தண்ணி வெக்கறதுக்கு இன்னா?” என்றான்.

“தண்ணி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். இரண்டு நாள் கழித்து, பால் ஐஸையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் விட்டிருந்தாள். சரி என்று சொல்லாமலே செய்துவிடுவது அவள் வழக்கம்.

வித்தை சின்னதுதான். தண்ணீர் நாலு பக்கமும் உறைந்தால் உள்ளே இருக்கும் காற்று ஓட இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. பக்கங்களையும் அடியையும் குளிர் அண்டாமல் மறைத்து, மேலே மட்டும் திறந்து வைத்தால் தண்ணீர் மேலிருந்து கீழாக உறையும், காற்றையும் கசடையும் அடிக்குத் தள்ளிக்கொண்டே போகும். அடித் தண்ணீர் உறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். இதற்காக மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டி கொண்டுவந்தான். முதல் ஐஸ் வஞ்சிரம் வாடை அடித்தது. சோப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வாடை போனபின் ஒருநாள், இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு கட்டி வந்தது. ரேணுகாம்பாள் மடியில் விரித்திருந்த முந்தானைக்கு மேலே அதைப் பிடித்துக் காட்டினான். ஜரிகை இழையை அதன் வழியாகவே எண்ணலாம் போலிருந்தது.

“தூரப் புடி, பொடவ நனைஞ்சிடப் போவுது” என்றாள். ஆனால் குனிந்து பார்த்தாள். அன்று அதற்குக் கண்ணாடி ஐஸ் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவன் தொழிலில் வீட்டுக்குள் வர அனுமதி கிடைத்த ஒரே பொருள் அது.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் எல்லாரும் தங்கள் உழைப்பின் பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வாசலில் ஏலம் விடுவார்கள். நிலம் வைத்திருப்பவர் நெல் மூட்டை கொண்டுவருவார். தறி வைத்திருப்பவர் துண்டு நெய்து வருவார். தையல்காரர் சட்டை, கோழி வளர்ப்பவள் கோழி. ரேணுகாம்பாள் மட்டும் வருஷாவருஷம் மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கி, கிறிஸ்டோபர் குடும்பம் என்று சொல்லி வைப்பாள். அவர்கள் வீட்டில் பூசணிக்கொடி இருந்ததே இல்லை.

“இந்தத் தபா நான் ஐஸ் வெக்கறேன்” என்றான் கிறிஸ்டோபர்.

குஞ்சம் கட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. “பார் ஐஸ ஆண்டவர் முன்னால வெப்பியா?”

“என் கையால வேற இன்னா வெளையுது? நீயே சொல்லு. பூசணிக்காயா?”

அவன் குரல் உயர்த்தவில்லை. அதனால்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதன் பிறர் தோட்டத்துப் பூசணிக்காயோடு கோயிலுக்குப் போய்வந்திருக்கிறான், ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குஞ்சத்தை மறுபடி கையில் எடுத்தபடி, “ஓட்டல்ல ஜூஸுக்குப் போடற ஐஸுன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத” என்றாள். கிறிஸ்டோபருக்கு அது அரை வெற்றிதான். ஆனாலும் தான் செய்த ஒன்றை நாலு பேர் நின்று பார்ப்பார்கள், நல்லா செஞ்சிருக்கான் என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவன் எவ்வளவு ஏங்கியிருந்தான் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பண்டிகைக்கு முதல் நாள் காலையிலேயே தண்ணீர் ஊற்றி வைத்தான். தொடாதே, ஆட்டாதே, பெட்டியைத் திறக்காதே என்று பத்து முறை சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் காலை கட்டியை வெளியே எடுத்து வியர்க்க விட்டான். எடுத்தவுடன் வெட்டினால் விரிசல் விடும். பிறகு அடியில் இருந்த கலங்கலை ரம்பக் கத்தியால் அறுத்துத் தள்ளிவிட்டு, துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். மேற்பரப்பை ஒட்டி, உள்ளே, வெள்ளையாகக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு. கோட்டில் அங்கங்கே மஞ்சளாக எண்ணெய்ப் பொட்டு.

“ரேணு, பொட்டியத் தொறந்தியா?”

ரேணுகாம்பாள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டே வந்தாள். “தொறந்தேன். ஜெபம் பண்ணேன்.”

“ஜெபம் பண்ண பொட்டிய ஏன் தொறக்கணும்?”

“எண்ண போட வேணாவா? அந்த ஜெபக் கூட்டத்துல குடுத்தாங்களே, அந்த எண்ண. பால் மேல கட்டற மாதிரி லேசா ஆட கட்டிக்கினு இருந்துச்சு. வெரல்ல தொட்டு சிலுவ போட்டேன். ஆட ஒடைஞ்சி தண்ணி மேல வந்துச்சு, ஒடனே மூடிட்டேன்.” அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. “நல்லா வரணும்னுதான் போட்டேன். ஏன், எதுனா ஆயிடுச்சா?”

கோபம் தொண்டைவரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றும் விட்டது. அவன் வேலையின் பெயரைக்கூட வாயில் எடுக்காதவள், அந்த வேலை நன்றாக வரவேண்டும் என்று ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்று ஜெபித்திருக்கிறாள். இவளை என்ன சொல்லித் திட்டுவது? கிறிஸ்டோபருக்குக் கண் கலங்கியது.

“ஒண்ணும் ஆவல. சூப்பரா வந்திருக்குது” என்றான். கட்டியைக் கவிழ்த்து, கோடு அடியில் வருமாறு தட்டில் வைத்தான். கவிழ்த்தால் மட்டும் மறைந்துவிடுமா என்ன? இது கண்ணாடி ஐஸ் ஆயிற்றே.

ஆராதனையில் ஒன்றும் நடக்கவில்லை. கட்டி தெர்மோகோல் பெட்டியிலேயே இருந்தது. படைக்கும் நேரத்தில் எடுத்து நெல்லுக்கும் வாழைத்தாருக்கும் நடுவே வைத்தார்கள். “ஐஸா?” என்று ஒருவர் சிரித்தார். ஏலம் வாசலில் பந்தல் போட்டுத் தொடங்கியது, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஏலம் விடுகிறவர் சபைச் செயலாளர் சாமுவேல். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் பிடித்துக்கொள்வார். உருகுகிற பொருள் என்பதால் முதலில் ஐஸ்தான் வந்தது. தட்டோடு தூக்கி வெயிலில் காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“சிலுவ” என்றார் மைக்கில். “உள்ள சிலுவ இருக்குது.”

அவ்வளவுதான். கூட்டம் எழுந்து வந்தது. “அற்புதம்”, “ஸ்தோத்திரம்” என்ற குரல்கள் எழுந்தன, போன்கள் மேலே போயின. கோழி கொண்டுவந்த பட்டம்மாள் முட்டி தேய்ந்தவள், அவளும் மண்டியிட்டுவிட்டாள். “கிறிஸ்டோபர் வீட்டுப் பொட்டியில ஆண்டவரே தன் வெரலால எழுதிக் குடுத்திருக்காரு” என்று சாமுவேல் தெருவுக்கே அறிவித்தார். மாகறலில் மனை விற்கும் ஒருவர் தன் புது ஆபீசில் வைக்க வேண்டும் என்று ஏலக் கேள்வியை ஆரம்பித்தார். ஐஸை ஆபீசில் எத்தனை நேரம் வைப்பார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. போதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

கிறிஸ்டோபர் ஆண்கள் பக்கம் ஓரமாக நின்றான். எல்லாரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாக்கியவான் என்றார்கள். அவன் செய்த ஐஸை ஒருவரும் பார்க்கவில்லை, அதற்குள் இருந்த கோட்டைத்தான் பார்த்தார்கள். ஐஸைத் தெளியவைக்கத் தான் பட்ட பாடெல்லாம் ஒரே நிமிஷத்தில் இல்லாமல் போனது அவனுக்கு வலித்தது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ரேணுவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சரி, போகட்டும், ஆண்டவர் பேரிலேயே இருக்கட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெண்கள் பக்கத்தில் ரேணுகாம்பாள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே கொண்டாடும்போது இந்த மனிதன் ஏன் பூசணிக்காய் வைத்த வருஷங்களில் நின்ற மாதிரியே நிற்கிறான் என்று பார்த்தாள். பார்த்ததும் புரிந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

“சாமுவேல் ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க” என்று எழுந்தாள். “அது அற்புதமெல்லாம் இல்ல. நான் போட்டது. எண்ண தொட்டு இந்த வெரலால போட்டேன். அவரு தொடாதன்னு சொல்லிட்டுப் போனாரு, நான்தான் தொட்டுக் கெடுத்துட்டேன்.”

மனைக்காரர் தூக்கிய கையை மெல்ல இறக்கினார்.

“அந்தக் கோட்ட வுட்டுட்டு மீதிய பாருங்க. ஒரு வெள்ள இருக்குதா? ஒரு தூசு இருக்குதா? எங்க வீட்டுக்காரரு செஞ்சது அதுதான்.” குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. “அவரு சூப்பர்வைசர் இல்ல. பார்ல வேல செய்யறாரு. அங்க வர்றவங்களுக்குப் போடத்தான் இந்த ஐஸ் செய்யறாரு. அவரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. இது அவரோட ஒழைப்பு. ஒழைப்பைத்தான வெக்கச் சொன்னீங்க?”

சாமுவேல் போதகரைப் பார்த்தார். போதகர் கண்ணாடியைக் கடைசி முறையாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அந்தம்மா சொன்ன மாதிரியே சொல்லி ஏலம் விடுங்க” என்றார்.

சாமுவேல் தொண்டையைச் செருமினார். அவர் குரல் அன்று முதல்முறையாக மைக் இல்லாவிட்டால் கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. “நம்ம சபை கிறிஸ்டோபர். பார்ல வேலை. அவர் கையால செஞ்ச ஐஸ்.”

யாரும் ஏலம் கேட்கவில்லை. தட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. மண்டியிட்ட இடத்திலிருந்து எழ முடியாமல் எழுந்த பட்டம்மாள்தான், “எனக்குக் குடுப்பா. புள்ளைங்களுக்கு எலுமிச்சம்பழம் பிழியலாம். எவ்ளோ தெளிவா இருக்குது பாரு, நல்லா செஞ்சிருக்கான்” என்றாள். சாமுவேல் ஒருதரம், இரண்டுதரம் என்று ஆரம்பித்தார்.

ரேணுகாம்பாள் இன்னும் உட்காரவில்லை. அத்தனை பேர் பார்வையிலும் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கிறிஸ்டோபர் ஆண்கள் பக்கத்திலிருந்து நடந்து, நடுவில் விட்டிருந்த வழியைத் தாண்டி, பெண்கள் பக்கத்தில் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். சாமுவேல் மூன்றாம் தரம் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.