ஒண்ணுகழி

பட்டறையில் அவருக்கு ஒண்ணுகழி என்றுதான் பெயர். அவருடைய அளவு டேப்பின் முனைக் கொக்கி எப்போதோ ஒடிந்துபோனது. அதனால் எதையும் ஒன்று என்ற கோட்டில் வைத்து அளப்பார், வந்த அளவில் ஒரு சென்டிமீட்டரைக் கழித்துக்கொள்வார். புது டேப் வாங்கலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபது வருஷத் தச்சு வேலையில் அந்த டேப் ஒரு தடவைகூட அவர் காலை வாரியதில்லை.

வாரியது முதலாளிதான். சிஎன்சி ரவுட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் போதும், மெஷினே மரத்தை வெட்டிக் குடைந்து தந்துவிடும். "நீங்க இனிமே அது கொட்டுற தூளைக் கூட்டினாப் போதும்" என்றார். உளி பிடித்த கையில் விளக்குமாறு! ஒண்ணுகழி அதை முதலாளி காலடியிலேயே வீசி எறிந்து, "இதே மெஷினை நான் வீட்டுலயே செஞ்சு காட்டறேன்யா!" என்று கத்திவிட்டு வந்துவிட்டார்.

வந்தவர் செய்தும் விட்டார், அதுதான் ஆச்சரியம். பழைய பிரிண்டர்களில் கழற்றிய மோட்டார், இரும்புக் கடையில் பொறுக்கிய கம்பி, தடித்த பிளைவுட் சட்டம். எட்டு மாதம் பின்னறை முழுக்க அதுவே. முன்னறையில் மனைவியின் தையல் மெஷின் ஓடியதால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதை இந்த மனுஷர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது ஒரு பள்ளிக்கூடம் இவரை நம்பிக் கேட்டிருந்தது. அரங்கத்துக்கு அறுபது சென்டிமீட்டரில் மரக் கடிகார முகம், திங்கட்கிழமைக்குள். சரியாக வந்தால் பள்ளியின் பெயர்ப் பலகை மொத்தமும் இவருக்கு. வராவிட்டால் பட்டறைக்குப் போய் அந்த விளக்குமாற்றைக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

இன்று ஞாயிறு. மெஷின் வெட்டிப் போட்டது வட்டம் இல்லை, முட்டை. குறுக்கே அறுபது, நெடுக்கே அறுபத்தொன்று. நாலாவது பலகையும் நாசம். கம்பியைத் திட்டினார், மோட்டாரைத் திட்டினார், கம்பி விற்றவனின் பரம்பரையையே இழுத்தார். அப்புறம் கைக்கெட்டிய ஆள் மனைவி.

மெஷினின் நெடுக்கு ஓட்டத்தை அளக்க, சுவருக்கும் அதற்கும் நடுவே நுழைய வேண்டும். அவருடைய தொப்பைக்கு அந்தச் சந்து இடம் கொடுக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே அவள்தான் அவருடைய டேப்போடு உள்ளே போய் அளந்து சொல்வாள். அவர் அதற்கேற்ப கம்ப்யூட்டரில் எண்ணைத் திருத்துவார். இன்றும் மெஷினை அறுபது ஓடவிட்டு, "எவ்வளவு?" என்றார்.

"அறுபத்தொண்ணு."

மனசுக்குள் ஒன்றைக் கழித்தார். அறுபது. கச்சிதமாக இருக்கிறதே! பின்னே வட்டம் ஏன் முட்டையாகிறது?

"கண்ணைத் திறந்து பாரு! துணி அளக்கிற மாதிரி இழுத்து வைக்காதே. கோட்டைப் பார்த்துச் சொல்லக்கூடவா தெரியாது உனக்கு?"

சந்துக்குள்ளிருந்து அவள் குரல் வெடித்தது.

"கோடுதானே? டேப்புல அறுபத்திரெண்டு. உங்க பாழாப்போன ஒண்ணைக் கழிச்சா அறுபத்தொண்ணு. இன்னும் எப்படிச் சொல்லணும், பாட்டாப் பாடணுமா?"

"கழிச்சியா?" அவர் குரல் உள்ளே போய்விட்டது. "நீ எதுக்குக் கழிச்சே?"

"எதுக்கா? ஊரே உங்களை ஒண்ணுகழின்னு கூப்பிடுது, கூடக் குடித்தனம் பண்றவளுக்குத் தெரியாதா? முதல் நாள்லேருந்து கழிச்சுத்தான் சொல்றேன். கழிச்சியான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? துணி தைக்கிறவளுக்கு என்ன தெரியும்னு நினைப்பு!"

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். முதல் நாள் மெஷின் சரியாக அறுபதுதான் ஓடியிருக்கிறது. அவள் கழித்ததையே இவரும் கழித்து, ஐம்பத்தொன்பது என்று நினைத்து, ஒழுங்காக இருந்ததை இழுத்து நீட்டிக் கெடுத்தது இவர்தான்.

பழைய எண்ணைப் போட்டார். மெஷின் மறுபடி அலறியது. கடிகார முகத்தை வெளியே எடுத்து வைத்தார். "கொஞ்சம் அளந்து சொல்லேன்" என்று தன் டேப்பை நீட்டினார்.

அவள் அதைத் தொடவில்லை. முன்னறைக்குப் போய்த் தன் தையல் டேப்பை எடுத்துவந்து குறுக்கே வைத்தாள், நெடுக்கே வைத்தாள்.

"அறுபது. அறுபது. இதுல கழிக்க ஒண்ணுமில்லை."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். முன்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. தரையெல்லாம் மரத்தூள். எட்டு மாதமாக அதைக் கூட்டியவளும் அவள்தான். ஒண்ணுகழி மூலையில் இருந்த விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.