ஒரு வெற்றிலை தூரம்

பாகூருக்குப் போகிற சாலையில் நடக்க நடக்கத் தூரம் கூடும் என்று சிறுவயதில் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. என் கண்ணால் பார்த்தது அது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். எங்கள் ஊர் கரையாம்புத்தூர். அம்மாவின் தாய்வீடு பாகூரில். இரண்டும் பிரெஞ்சு எல்லைதான். நடுவில் மட்டும் கொஞ்சம் இங்கிலீஷ்காரன் மண் கிடந்தது. அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். எனக்கு அடுத்துப் பிறந்த குழந்தை எங்கள் வீட்டில் தங்காமல் போய்விட்டதால், இந்தமுறை பாகூர் மருத்துவச்சி கையில்தான் என்று நைனா முடிவு செய்திருந்தார். ஆனால் கரும்பு வெட்டுக் காலம். ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூவரும் நடந்தே கிளம்பினோம்.

நான் பள்ளிக்கூடத்தில் கிலோமீட்டர் படித்திருந்தேன். சாலையோரக் கற்களில் பாகூருக்கு எவ்வளவு என்று எண் வெட்டியிருக்கும். அதைப் படித்துச் சொல்கிற பெரிய வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எட்டு என்றேன். பிறகு ஏழு. அடுத்த கல்லில் நாலு என்றிருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆறும் ஐந்தும் எங்கே போயின என்று எனக்குக் குழப்பம்தான். நாம் நடந்த வேகம் அப்படி என்று வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த கல் வருவதற்குள் கால் ஓய்ந்துவிட்டது. மூன்று என்றது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தாள். நல்ல சேதி சொல்லலாமென்று அடுத்த கல்லுக்கு ஓடினேன்.

“மறுபடியும் நாலும்மா,” என்றேன்.

அம்மா அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வலி எடுத்திருந்தது. “என்னால ஆவாது. நடக்க நடக்க ஏறுதே, இன்னாங்க இது?” என்று அழுதாள்.

இங்கிலீஷ்காரன் கல்லில் இருப்பது மைல், அது நீளம். இது நம் கல், கிலோமீட்டர், அது குட்டை என்றார் நைனா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலு என்றால் எல்லா ஊரிலும் நாலுதானே? அம்மாவோ விளங்கிக்கொள்கிற நிலையில் இல்லை. கூப்பிடு தூரந்தான் என்று நைனா கெஞ்சினார். கிளம்பியதிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது எதிரே, பாகூர்ப் பக்கமிருந்து, தலைக்கூடை நிறையக் கருவாட்டோடு ஒருத்தி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நின்றாள்.

“இன்னாய்யா, புள்ளத்தாச்சிய கல்லு எண்ண வுட்டுக்கினு கீற?” என்று நைனாவை ஒரு பிடி பிடித்தாள். பிறகு மடியிலிருந்து வெற்றிலை எடுத்துக் கிள்ளி, பாதியை அம்மா வாயில் வைத்தாள். “ஒரு வெத்தல தூரந்தான் கண்ணு. வாய் செவக்கறதுக்குள்ள பூடலாம். எந்திரி.”

ஒரு வெற்றிலைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன்.

“அது வாய்க்கு வாய் வேறடா,” என்றாள்.

இது எனக்கு மைலைவிட மோசமாக இருந்தது. ஆனால் அம்மா எழுந்துவிட்டாள். அந்த அம்மாள் ஒரு கையால் கூடையையும் ஒரு கையால் அம்மாவையும் பிடித்தபடி பேசிக்கொண்டே நடந்தாள். சாறு தீர்ந்ததும் இன்னொரு வெற்றிலை தூரம் என்றாள். அதுவும் தீர்ந்தது. அப்புறம் இன்னொன்று. கணக்குத் தப்புகிறதே என்று நான் முணுமுணுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தாய்வீட்டு வாசலை மிதித்தோம். அம்மாவை உள்ளே கொண்டுபோன சற்றைக்கெல்லாம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. உங்கள் அத்தைதான் அது. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் குந்தியிருந்த கருவாட்டுக்காரி அப்போதுதான் எழுந்து, கொஞ்சமும் குறையாத கூடையைத் தலைக்கு ஏற்றி, நாங்கள் வந்த சாலையிலேயே திரும்பி நடந்தாள்.

பாவம், இவளுக்குத் தூரம்தான் தெரியவில்லை என்று பார்த்தால், போகிற திசையும் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.