டார்ச் பிடித்தவள்

முகம் எடுத்துப் பிழைத்த மனிதர் அவர். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டுடியோவில் ஆயுசுக்கும் வேலை. தாடையை நிமிர்த்துங்க, சிரிக்காதீங்க, காது தெரியணும் என்று சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துபோனவர். அப்படிப்பட்டவர் வீட்டில், மனைவி இறந்த மறுநாள், சுவரில் மாட்ட அவள் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மகள் கேட்டாள், அவர் முழித்தார். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அப்படித்தான் நடந்தது.

எல்லாம் அவருக்கு இருந்த கிறுக்கால் வந்த வினை. விடுமுறை வந்தால் மனுஷன் வீடு தங்கமாட்டார். பூட்டிக்கிடக்கும் ஆலை, கூரை விழுந்த தியேட்டர், ஆளொழிந்த ஆஸ்பத்திரி என்று தேடிப்போய்ப் படம் எடுப்பார். அக்கம்பக்கத்தார் அவருக்குக் குட்டிச்சுவர் என்று பெயர் வைத்தார்கள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பதில் கழுதையை மரியாதைக்காக விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். மனைவி அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகணும் என்று சிரித்துக்கொண்டே கூடக் கிளம்பிவிடுவாள்.

அங்கே அவளுக்கு வேலை இருந்தது. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்த அறைகளில் தன் கையே தனக்குத் தெரியாது. அவர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை இரண்டு மூன்று நிமிஷம் மூடாமல் விட்டுவிடுவார். அவள் கறுப்பு உடை போட்டுக்கொண்டு, டார்ச்சை உடம்பால் மறைத்தபடி, சுண்ணாம்பு அடிப்பதைப் போல மேலும் கீழுமாகச் சுவரில் வெளிச்சம் பூசிக்கொண்டே நடப்பாள். நடந்துகொண்டே இருந்தால் படத்தில் ஆள் விழாது, சுவர் மட்டும் விழும். ஓரிடத்தில் நின்றால் போச்சு, புகை மாதிரி ஓர் உருவம் ஒட்டிக்கொள்ளும். "நிக்காதே, நடந்துகிட்டே இரு" என்று இருட்டிலிருந்து அவர் குரல் கொடுப்பார். பெண்டாட்டியிடம் அவர் அதிகம் பேசிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும். எந்த மூலைக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது போகப்போக அவரைவிட அவளுக்குத்தான் அத்துப்படி. கண்காட்சியில் பாராட்டு மட்டும் அவருக்கு.

ஒரே ஒரு தடவை அவள் நின்றாள். மூடிப்போன துணி ஆலையின் சாயப்பட்டறை அது. சுவரில் ஆளுயரத்துக்கு நீலம் ஊறியிருந்தது. பாதி வழியில் நின்று, கேமரா பக்கம் திரும்பி, டார்ச்சைத் தன் முகத்துக்கே பிடித்தாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு கேமராத் திரையில் பார்த்தால், நீலச் சுவருக்கு முன்னால் அவள் முகம், லேசாகக் கலங்கி, சிரித்துக்கொண்டிருந்தது.

என்ன விளையாட்டு இது என்று அவர் கடுகடுத்தார்.

"ஒரு படத்துலயாவது நான் இருந்துட்டுப் போறேங்க."

"உன்னை வீட்லயே எடுத்துக்கலாம். எங்க ஓடிப்போகப்போறே?"

சொன்ன கையோடு அந்தப் படத்தை அழித்தார். அவள் வாசலுக்குப் போய் முதலிலிருந்து மறுபடி நடந்தாள்.

வீட்டில் அவர் எடுக்கவே இல்லை. முகம் எடுத்து அலுத்தவன் வீட்டுக்கு வந்தும் அதையே செய்வானா? நாளைக்கு, நாளைக்கு என்றே போயிற்று. பிறகு ரத்தத்தில் நோய் என்றார்கள். அவள் துரும்பாக இளைத்து, முடியெல்லாம் கொட்டிய பிறகு, கேமராவைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இப்ப வேணாங்க என்று அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் கேமராவைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

செல்போனில் கூடவா இல்லை என்று கேட்பீர்கள். மகள் தன் போனைத் துழாவிப் பார்த்தாள். ஒன்றில் தோள், ஒன்றில் யார் தலைக்கோ பின்னால் ஒரு காது, ஒன்றில் கதவைத் தாண்டிப்போகும் முதுகு. யார் கேமராவை எடுத்தாலும் அம்மாவின் கால் தானாக நகர்ந்துவிடும், அப்படிப் பழக்கியாயிற்று. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் யாரோ போலிருந்தது. கல்யாணப் படத்தில் இருந்த சின்னப்பெண்ணை மகளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்துப் படங்களையும் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார். எங்கேயாவது கால் வலித்து நின்றிருக்கமாட்டாளா, தடுக்கி நின்றிருக்கமாட்டாளா, ஒரு தப்பாவது செய்திருக்கமாட்டாளா என்று தேடினார். பாவி மனுஷி ஒரு தப்பும் செய்திருக்கவில்லை. எல்லாச் சுவர்களும் பளிச்சென்று, ஆளில்லாமல் இருந்தன. அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதார்.

கடைசியில் ஒரு படத்தை அச்சடித்து மகளிடம் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வார்டு, வரிசையாகத் துருப்பிடித்த கட்டில்கள்.

"இங்க பாரும்மா, வெளிச்சம் இந்தக் கட்டிலைச் சுத்தி வளைஞ்சு போகுதில்ல, அம்மா இடிச்சுக்காம ஒதுங்கிப் போன இடம் அது. இந்தச் சுவர்ல மேல இருட்டா இருக்கே, அதுக்கு மேல அவ கை எட்டல. இது பூரா உங்கம்மாதான்."

மகள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவர் காட்டிய இடத்தையெல்லாம் விரலால் தடவினாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"அழகா இருக்குப்பா. ஆனா எனக்கு அம்மா மூஞ்சி வேணும்."

அவரிடம் அது இல்லை.