மூன்று மோட்டார், ஒரு கிணறு

கொல்லிமலை அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியைச் சுற்றியுள்ள வண்டல் நிலத்துக்கு அடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணக்குப் போடுவது அந்த வருடம் என் வேலை. நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, மணல் எவ்வளவு ஆழம், மலையிலிருந்து எவ்வளவு மழைநீர் இறங்குகிறது, மோட்டார்கள் எவ்வளவு இறைக்கின்றன என்று கொடுத்தால், கிணறுகளின் நீர்மட்டத்தை அது சொல்லும். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் மழைமானி வைத்திருந்தோம். அங்கே கொட்டும் மழை பாறை இடுக்கில் புகுந்து, மாதங்கள் கழித்து அடிவாரக் கிணற்றில் ஊறும் அழகை எண்களில் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஆனால் என் கணினி மாடல் ஒத்துவரவில்லை. கணினி காட்டிய நீர்மட்டம், நேரில் அளந்ததைவிட மிகவும் கீழே இருந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். நாடா பிடித்து அளந்தவர்கள்மேல் பழியைப் போட்டு, வெயிலில் மறுபடியும் அனுப்பினேன். அதே அளவுகளோடு திரும்பி வந்தார்கள். அப்போதும் என் கணக்கை நான் சந்தேகப்படவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆள் நான்தான்.

அந்த நேரத்தில்தான், நாங்கள் அளந்த கிணறு ஒன்றின் சொந்தக்காரர், என் வயதை ஒட்டிய பெண், எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தன்னிடம் இருந்த ஒரே ஏக்கரில் பாக்கு வைக்க நினைத்தார். காய்க்க ஆறேழு வருடம் ஆகும். நடுவில் கிணறு வற்றினால் அத்தனையும் பாழ்.

“ஏனுங்க மேடம், பாக்குக் கன்னு வெக்கலாமுங்களா? தண்ணி நிக்குமுங்களா?”

“வேண்டாம் அக்கா. ரெண்டு மூணு கோடைக்கு மேல தாங்காது,” என்றேன், திரையைப் பார்த்துக்கொண்டே.

அவர் எழுந்து போகவில்லை. தன் கிணற்றில் எவ்வளவு இறைப்பதாகப் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். மூன்று மின் இணைப்பு, மூன்று மோட்டார், தினமும் மும்முனை மின்சாரம் வரும் நேரம் முழுக்க ஓடுகிறது என்று விளக்கினேன். சிரித்துவிட்டார்.

“இல்லீங்க. மோட்டாரு மூணு இருக்குதுங்க. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணுதான் ஓடும். எங்களுக்கு ஒரு நாளு, பெரிய மாமனார் ஊட்டுக்கு ஒரு நாளு, சின்ன மாமனார் ஊட்டுக்கு ஒரு நாளு. கூட்டுக் கெணறுங்க, முறை வெச்சுத்தான் எறைக்கறோம்.”

மின் இணைப்புப் பட்டியலை மட்டும் பார்த்துக் கணக்கிட்டது நான்தான். அந்தப் பக்கம் பல கிணறுகள் பங்காளிகளின் கூட்டுக் கிணறுகள். ஓடாத மோட்டார்களை ஓடவிட்டு, யாரும் எடுக்காத தண்ணீரைக் கணினியில் இறைத்துத் தள்ளியிருந்தேன்.

அடுத்த இரண்டு வாரம் கிணறு கிணறாகப் போய் முறையைக் கேட்டு எழுதினோம். திருத்திய கணக்கில் நீர்மட்டம் மேலே வந்து, நேரில் அளந்ததோடு ஏறக்குறையப் பொருந்தியது. அளந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு அவர் தோட்டத்துக்கே போனேன். கன்று இன்னும் வாங்கவில்லை. ஆனால் குழி வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று மோட்டாரும் தினமும் ஓடினால் என்ன ஆகும் என்பதைத்தான் என் தப்புக் கணக்கு காட்டியிருந்தது. அதை அவரிடம் மறைக்க மனம் வரவில்லை.

“தண்ணி நிக்கும் அக்கா. ஆனா முறை தப்பக் கூடாது. மூணு வீடும் ஒத்துமையா இருக்கணும்.”

“ஒத்துமையா?” மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். “மூணு ஊடும் பேசிப் பதினோரு வருசமாச்சுங்க. வரப்புத் தகராறு, கோர்ட்டு வரைக்கும் போயாச்சு. நல்லது கெட்டதுக்குக்கூடப் போறதில்லீங்க.”

“அப்போ முறை?”

“அது வேறைங்க. எங்க மாமனாரு போன வருசம் செத்த அன்னிக்கு எங்க முறை. நாங்க மோட்டாரப் போடல. அவங்க ரெண்டு ஊடும் சாவுக்கு வரல. ஆனா எங்க முறையில அவங்களும் மோட்டாரப் போடலீங்க. கரண்டு இருந்தும் கெணறு அன்னிக்குச் சும்மாவே நின்னுச்சு.”

அவர் வெட்டிய குழியை எட்டிப் பார்த்தேன்.

“வைங்க அக்கா,” என்றேன். “தைரியமா வைங்க.”