‘ங்க’ நீக்கப்பட்டது

எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் திருத்துகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஓட்டல் போர்டில் இருந்த ஒற்றுப் பிழையைச் சொல்லப்போய், முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் தமிழ் டீச்சர் இல்லை, டிராயிங் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு திருத்தப் பிள்ளைகளும் இல்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. மெட்ராஸுக்கே திரும்பிப் போயிருக்கலாம். அங்கே மட்டும் யார் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்? மஞ்சக்குட்டை போகிற ரோட்டில் ஒரு வாடகை வீடு பார்த்தேன். ஒரு மேசை, மரத்தில் செதுக்கி அச்செடுக்க நாலைந்து உளி, ஒரு லேப்டாப். அவ்வளவுதான் குடித்தனம்.

லேப்டாப்பில் அச்சுக்கலைக்கென்று ஒரு விக்கி நடத்திக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். என்னோடு ஓவியம் படித்தவர்கள் சேர்ந்து தொடங்கியது. மர அச்சு, செப்புத் தகட்டு அச்சு, ஸ்கிரீன் பிரிண்டிங் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். “உன் விதிகளைப் படிச்சா எழுதவே கை வரலைடி” என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே போனாள். போனால் போ என்று விட்டுவிட்டேன்.

நடை விதிகள் பதினாறு. அத்தனையும் நான் எழுதியவை. ‘நான்’, ‘நாங்கள்’ கூடாது. வாசகரைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது. பேச்சு வழக்கு கூடாது. ‘மை தடவினேன்’ அல்ல, ‘மை தடவப்படுகிறது’. கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் உரையாடல் பக்கத்தில் கட்டுரையைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது. யார் பேசப்போகிறார்கள்? இருந்ததே நான் ஒருத்திதான்.

அப்போதுதான் அவர் வந்தார். மலையடிவாரத்தில் குப்பனூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, துணிப்பை அடிப்பவர். போனிலேயே தட்டி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். “மையை நொம்ப ஊத்தாதீங்க. ரப்பர் கட்டையை ரெண்டு கையிலயும் புடிச்சு ஒரே இழுப்பா இழுங்க. பாதியில நிறுத்துனா கோடு உழுந்துருமுங்க. எங்க கடை பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல, வந்தா காட்டித் தாறனுங்க.” கடை முகவரியை விளம்பரம் என்று நீக்கினேன். மிச்சத்தை விதிப்படி மாற்றினேன். ‘மை மிகுதியாக ஊற்றப்படுவதில்லை.’

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். இந்த மனுஷன் உரையாடல் பக்கத்தில், “சரிங்க. நீங்க டீச்சருங்களா? திருத்தறதைப் பாத்தாவே தெரியுதுங்க” என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எழுதுவார், நான் வெட்டுவேன். காலையில் காபி போடுவதற்கு முன்னால் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன். வெளியே பனிமூட்டம் விலகாத நாட்களில் எனக்கு வந்த பேச்சு அது ஒன்றுதான். அதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். பால்காரர் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார். முதல் நாள் பாக்கெட் மறுநாளும் அங்கேயே கிடந்தது. அதன் பக்கத்திலேயே அடுத்ததையும் வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் மத்தியானம் எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். “ஏனுங்க டீச்சர், நாலு நாளா ஆளையே காணோமுங்களே. ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க, பஸ்ஸுல குடுத்து உடறனுங்க.”

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததில் கோபம் வந்தது. முகம் தெரியாத ஒரு ஆள் விசாரித்ததற்கா இப்படி உட்கார்ந்து அழுகிறோம், சீ! அந்தக் கோபம் முழுக்க அந்த ‘ங்க’ மேல் திரும்பியது. எதற்கெடுத்தாலும் ஒரு ‘ங்க’. எத்தனை தடவை வெட்டியாயிற்று! விக்கியில் ஒரு சொல்லைக் கொடுத்தால் எல்லாப் பக்கத்திலும் தேடி மாற்றிவிடும் கருவி ஒன்று உண்டு. தேட வேண்டிய இடத்தில் ‘ங்க’ என்று அடித்தேன். மாற்ற வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். உரையாடல் பக்கங்களும் சேர்த்து, எல்லாப் பக்கங்களும் என்று கொடுத்து அழுத்திவிட்டு, போய்ப் படுத்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால் விக்கியே நாசமாகிக் கிடந்தது. ‘மரங்கள்’ எல்லாம் ‘மரள்’. பழைய பக்கங்களில் தப்பிப் பிழைத்திருந்த ‘நாங்கள்’ ‘நாள்’ ஆகியிருந்தது, ‘எங்கள்’ ‘எள்’ ஆகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அவர் எனக்கு எழுதியிருந்ததைப் பார்த்ததும்தான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று புரிந்தது. ‘சரிங்க’ வெறும் ‘சரி’. ‘சொல்லுங்க’ ‘சொல்லு’. ‘நீங்க டீச்சருங்களா’ என்று கேட்டவர், ‘நீ டீச்சருளா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் கையெழுத்து.

அதற்குள் அவரும் பார்த்திருந்தார். அடியில் புதிதாக எழுதியிருந்தார். “டீச்சருங்க, உங்களை நீ, வா, போன்னு நான் எழுதுனாப்ல காட்டுதுங்க. சத்தியமா நான் அப்படி எழுதலீங்க. போன்ல என்னத்தையோ அமுக்கிப்போட்டனாட்ட இருக்குது. ஊட்டுல படிச்சுப்போட்டு, பொம்பளையாளுகிட்ட எழுதற லட்சணமா இதுன்னு கேக்கறாங்க. நொம்ப அசிங்கமாப் போச்சுங்க. மன்னிச்சுக்கங்க.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு மன்னிப்பு. அதற்கும் கீழே இன்னொன்று.

யார் எதை மாற்றினார்கள் என்பது ‘வரலாறு’ என்ற பொத்தானை அழுத்தினால் தெரியும். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பழையபடி மீட்டுவிட்டு, அடியில் நான் எழுதியது இது: “கோளாறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.” என் விதிப்படி அட்சர சுத்தமான வாக்கியம். செய்தது யார் என்று அதில் இல்லை. கோழை, கோழை என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டேனே தவிர, அதை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். காபி ஆறும் வரை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் பொறுக்க முடியாமல் குப்பனூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே கடை. “வாங்க, உக்காருங்க. இந்தா முடிச்சுட்டேனுங்க” என்றார். அவருக்கு என்னைத் தெரியாதே. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மஞ்சள் பை அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சமாக மை ஊற்றி, ரப்பர் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. எழுத்து சுத்தமாக விழுந்தது. “இதையெல்லாம் நீங்க எழுதி வைக்கலாமே” என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

“எழுதிட்டுத்தானுங்க இருந்தேன், கம்ப்யூட்டர்ல. அங்க ஒரு டீச்சரம்மா, நொம்ப நல்லவங்க. அவங்களை மரியாதையில்லாம என்னமோ எழுதிப்போட்டனுங்க. எப்படின்னே தெரியலீங்க. அவங்க ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லீங்க. அதுக்கப்பறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எழுதறதுங்க?”

நொம்ப நல்லவங்களாம். இருக்க முடியவில்லை. “அந்த டீச்சர் நான்தாங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அது வாடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். “நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. எல்லாத்துலயும் ‘ங்க’வை எடுத்தது நான்தாங்க. தெரிஞ்சேதாங்க எடுத்தேன். நீங்க மன்னிப்புக் கேட்டப்பவும் சும்மா இருந்துட்டேங்க.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். விரலில் இருந்த மையைத் துணியில் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தார்.

“மூணு தடவை மன்னிப்புக் கேட்டேன்” என்றார்.

“ஆமாங்க.”

“சரி” என்றார். அடுத்த பையை எடுத்து விரித்தார். “பஸ் வந்துரும்.”